சத்தத்தைக் கண்டுபிடிப்பவருக்குக் கூலி எங்கே?

கார் கதவு லொடலொடவென்று அடித்துக்கொண்டால் அதைச் சரிசெய்வதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. கண்டுபிடித்ததைச் சரிசெய்வது இன்னொன்று. முதல் வேலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் நம் ஊர்ப் பட்டறையானாலும் சர்வீஸ் சென்டரானாலும் பில் விழுவது இரண்டாவதற்கு மட்டும்தான். முதல் வேலைக்குக் கூலி இல்லை என்றாகிவிட்டதால் அதைச் செய்ய ஆளும் இல்லாமல் போகிறது. இது மாற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

திருச்சியில் ரயில் பெட்டிகளைப் பரிசோதிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டி.எக்ஸ்.ஆர். என்றால் ரயில்வே குடும்பங்களுக்குத் தெரியும். வண்டி ஸ்டேஷனுக்குள் நுழையும்போதே இரண்டு பக்கமும் எங்கள் ஆட்கள் நிற்பார்கள். ‘ரோலிங் இன்’ என்று அதற்குப் பெயர். அடியில் ஏதாவது தொங்குகிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று கண் பார்க்கும். காது சக்கரத்தில் இருக்கும். சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தால் சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று விழும். பயணிகள் பெட்டியில் அந்தத் தட்டை 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெட்டியைக் கழற்றிவிட வேண்டியதுதான். வண்டி நின்றதும் ஆக்சில் பாக்ஸில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். பிற்காலத்தில் அதற்குக் கருவி வந்தது. குறையே இல்லாத வண்டிகள் வரிசையாக வந்துபோன நாளிலும் எங்கள் சம்பளத்தை யாரும் பிடித்ததில்லை. ஏனென்றால் எங்கள் வேலை பார்ப்பதும் கேட்பதும். பொருளை மாற்றினால்தான் காசு என்று ரயில்வே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கார் உலகம் அப்படித்தான் வைத்திருக்கிறது. என் மகள் ஓட்டும் பழைய சின்ன காரில் இடதுபக்கப் பின்கதவு சத்தம் போட ஆரம்பித்தது. நல்ல ரோட்டில் ஒன்றும் இல்லை. மேடுபள்ளத்தில் மட்டும் உலோகத்தில் உலோகம் படுகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். காரை ஓட்டிப் பார்க்கவே இல்லை. கதவை இரண்டு தடவை திறந்து சாத்திவிட்டு, கதவோர ரப்பர் பீடிங் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். மாற்றினார்கள். வீடு வந்து சேர்வதற்குள் அதே சத்தம். திரும்பப் போனால், அப்படியானால் லாக் செட்டை மாற்றிவிடலாம் சார் என்கிறார் அங்கே இருந்த தம்பி. அந்தப் பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. காரை எடுத்துக்கொண்டு ஒரு ரவுண்டு போய்க் காது கொடுத்துக் கேட்டு வந்தால், அந்த நேரத்தை எழுதுவதற்கு அவருடைய பில்லில் இடமே இல்லை.

அப்புறம் அரியமங்கலம் பக்கம் ஒரு சிறிய பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த மெக்கானிக் செய்ததை அப்படியே எழுதுகிறேன். இந்த வேலையின் அருமை அதில்தான் இருக்கிறது. முதலில் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி, காகிதத்தை இழுத்துப் பார்த்தார். இறுக்கமாக வந்தது, பீடிங்கில் குறையில்லை. பின்தூணில் லாக் வந்து கவ்விக்கொள்ளும் ‘ப’ வடிவ இரும்பை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. என் மகளை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பட்டறைக்குப் பக்கத்துச் சந்து குண்டும் குழியுமானது. அதற்காகவே அந்தச் சந்தை வைத்திருக்கிறாராம். கண்ணாடியை முழுக்க ஏற்றினார், பாதி இறக்கினார், முழுக்க இறக்கினார். சத்தம் மாறவில்லை, ஆகவே கண்ணாடியும் அது ஓடும் சட்டமும் இல்லை. கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடை உள்ளங்கையால் இடம் இடமாக அழுத்திக்கொண்டே வந்தார். அதுவும் இல்லை. கடைசியில் சைல்ட் லாக்கைப் போட்டுவிட்டு, கதவைத் திறக்கும் உள்பிடியை லேசாக இழுத்துப் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார், வந்தது. மறுபடி பிடித்தார், நின்றது.

“ராடு சார்” என்றார்.

பட்டறைக்கு வந்து பேடைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் இறங்காமல் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாளைக் கிழியாமல் உரித்தார். அதைக் கிழித்து எறிந்துவிட்டுப் பேடை மாட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த மழையில் காருக்குள் தண்ணீர் வரும். உள்பிடியிலிருந்து லாக்குக்குப் போகும் மெல்லிய கம்பியை நடுவில் தாங்குகிற ஒரு பிளாஸ்டிக் கிளிப், வெயிலில் காய்ந்து பிளந்துகிடந்தது. கம்பி தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பழைய கதவிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒரு கிளிப்பை மாட்டி, கம்பி தகரத்துக்கு நெருங்கும் இடத்தில் கம்பளித் துணிப் பட்டை ஒன்றை ஒட்டினார். கதவின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகள் மண்ணால் அடைத்திருந்ததைக் கேட்காமலே குத்திவிட்டார். அந்த ஓட்டைகள் அடைத்தால் கதவு அடியிலிருந்து துருப்பிடித்து உதிரும் என்பது கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

எவ்வளவு தம்பி என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். எனக்கு முன்னால் வந்த ஒருவரோடு நடந்த தகராறு அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரு ஸ்க்ரூவை முடுக்கினதுக்கு முந்நூறு ரூபாயா என்று கத்திவிட்டுப் பாதிக் காசைக் கொடுத்துப் போனார் அவர். அந்த ஸ்க்ரூவைத் தேடின நேரம் அவர் கணக்கில் வரவில்லை. இதே மெக்கானிக் புதிய லாக் செட்டைக் கையில் காட்டி மூவாயிரம் கேட்டிருந்தால் பேசாமல் கொடுத்திருப்பார். நாம் பொருளைப் பார்த்தால்தான் பணம் தருகிறோம். பிறகு, எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று புலம்புகிறோம்.

பழி முழுக்க வாடிக்கையாளர் மேல் இல்லை. அந்தக் கிளிப்பைத் தனியாகக் கடையில் கேட்டுப் பாருங்கள். பல கார்களுக்கு முழு செட்டாகத்தான் கிடைக்கும். உதிரி பாகங்களையும் குறையறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. வாகனங்களும் அதில் சேர்த்தி. நல்ல காரியம்தான். ஆனால் பாகமும் கையேடும் கிடைத்தால் மட்டும் போதாது. கேட்கத் தெரிந்த காதுக்குக் கூலி வேண்டும்.

சத்தம்தானே, பாட்டை வைத்தால் கேட்காது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். எங்கள் கதவில் கிளிப் என்பது அதிர்ஷ்டம். அதே சத்தம் தூணில் இருக்கும் இரும்பு தளர்ந்ததாலும் வரலாம். லாக் முழுக்கக் கவ்வாமல் முதல் கட்டத்திலேயே நிற்பதாலும் வரலாம். பின்சீட்டில் கதவில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவது நம் பிள்ளைகள். எது என்று கேட்டுப் பார்க்காமல் தெரியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பில்லில் ‘பரிசோதனைக் கூலி’ என்று தனி வரி வேண்டும்; குறை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதைக் கொடுக்க வேண்டும். அந்தக் கூலியை வாங்குகிறவர் காரை ஓட்டிப் பார்த்து, எதைச் சோதித்தார், எது இல்லை, எது என்று இரண்டு வரி எழுதித்தர வேண்டும். மாற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். அதில் சத்தம் கேட்டுக் குறை பிடிப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கி, செய்முறைத் தேர்விலும் வைக்கலாம்.

அரியமங்கலத்துத் தம்பிக்கு ஒரு மணி நேரக் கூலி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இவ்வளவு வேண்டாம் சார், கிளிப்பே பழசுதானே என்று பாதியைத் திருப்பித் தந்தார். வாங்கிக்கொள்ளவில்லை. நீங்களும் திருப்பி வாங்காதீர்கள்.