ஊக்கத்தைக் கொன்றவர் யார்?

ஊக்கமில்லையென்று அரசாங்க ஊழியரைப் பழிப்போரை நாம் கேட்கின்றோம்: அவ்வூக்கத்தைக் கொன்றவர் யார்? சிங்களத் தேர்ச்சி பெறவில்லையென்று 1962இல் லிகிதர் கோடீஸ்வரனின் சம்பள உயர்வை நிறுத்தியது அரசாங்கமன்றோ! ஊழியர் தம் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காடலாம் என 1969இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், தீர்ப்பும் சட்டமும் சேவையுணர்ச்சியை ஊட்டமாட்டா. பணத்தை மட்டும் காட்டி மொழி கற்பித்தால், பரீட்சை முடிந்ததும் மொழியும் மறந்துபோம்.

வெள்ளவத்தை முதியவரின் ஓய்வூதியமும், கொட்டாஞ்சேனைக் குழந்தையின் பிறப்புப் பத்திரமும், வன்னி உழவனின் காணி அனுமதியும் தம் பேனா முனையில் நிற்பதை ஊழியர் உணரவேண்டும். பயன்பெற்றோரைக் கந்தோருக்கு அழைத்து, எழுதியவர் முன்னே பேசச் செய்க! தம் எழுத்தால் ஒரு குடும்பம் வாழ்வதைக் கண்ட லிகிதர் கோவையை உறங்கவிடார். இதற்குப் பெரும் பணம் வேண்டாம், மனம் வேண்டும். ஆள்வோர்க்கு அது உண்டா?