நார்வே நாட்டு நீர்க்காட்சியும் நம்மூர் ஏரியும்

வேற்று நாடுகளுக்குச் சென்று இயற்கை எழிலைக் கண்டு வருதல் கல்வியின் ஒரு கூறே என்பதை மறுப்பார் இலர். எம் விடுதி நண்பர்களுட் பலர், படிப்பு முடிந்து பொருளீட்டத் தொடங்கியதும் முதலிற் காணவேண்டிய நாடு நார்வே என உறுதி செய்துள்ளனர். அந்நாட்டுப் பியோர்டுகளின் படங்கள் அவர்தம் கைப்பேசிகளில் நிறைந்துள்ளன. யாமும் அவ்விருப்பம் உடையோம். எனினும், ஒரு நீர்நிலையைக் காணச் செல்வோர் அங்கே எதனைக் காணவேண்டும் என்னும் வினாவைப் புறப்படுமுன் எழுப்பிக்கொள்ளுதல் நன்று. அதற்கு எமக்குத் தோன்றிய விடையை ஈண்டுக் கூறத் துணிகின்றோம்.

பியோர்டு என்பது ஏரியும் அன்று, ஆறும் அன்று. பனியூழிக் காலத்தில் மலைகளினின்று இறங்கிய பனியாறுகள் பள்ளத்தாக்குகளை ஆழ அகழ்ந்தன; பனி உருகிப் பின்வாங்கியபின் அப்பள்ளங்களிற் கடல் புகுந்தது. இவ்வாறு தோன்றிய சோக்னே பியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டினுள் நீண்டு செல்கின்றது. அதன் பேராழம் ஏறத்தாழ 1,300 மீட்டர். நம் செஞ்சிக் கோட்டையின் இராஜகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து முறை அடுக்கினும் அவ்விடத்தில் நீரின் மேற்பரப்பை எட்டாது. கெய்ராங்கர் பியோர்டில் ஒரு பாறைமுகட்டினின்று அருகருகே வீழும் அருவிகளை அந்நாட்டார் ‘ஏழு சகோதரிகள்’ என்று அழைக்கின்றனர். நம் ஏரிக்கரைகளில் ஏழு கன்னிமாரை நிறுத்திய உள்ளமும், அவ்வருவிகளுக்குப் பெயரிட்ட உள்ளமும் தம்முள் உறவுடையன போலும்!

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில், எம் ஊராகிய கண்டாச்சிபுரத்தில், இப்படங்களை எம் பெரியப்பாவுக்குக் காட்டினோம். அவர் எழுபது பிராயம் கடந்த உழவர். நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு, “தண்ணீர் நிறைய இருக்கிறதே, தம்பி; மதகு எங்கே இருக்கிறது?” என்று வினவினார். யாம் நகைத்தோம். அது கடல்நீர் என்றும், வயலுக்குப் பாய்வதன்று என்றும் விளக்கினோம். அவர் சிறிது எண்ணிப் பார்த்து, “அப்படியானால் அதைப் பார்த்துக்கொள்கிறவர் யார்?” என்றார். இவ்விரண்டாம் வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. நகைப்பும் நின்றது.

மறுநாட் காலை அவருடன் ஏரிக்கரைக்குச் சென்றோம். வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்திருந்தது. பாறைக் குன்றுகளின் நிழல் நீரில் அசையாது கிடந்தது. கொக்குகள் ஆழமற்ற ஓரங்களில் நின்றன. யாம் அவற்றை நோக்கினோம். பெரியப்பாவோ வேறொன்றை நோக்கினார். கரையில் எலிவளை எங்கே உள்ளது, கலிங்கில் எக்கல் பெயர்ந்துள்ளது, வரத்துக்காலில் வேலிகாத்தான் எவ்வளவு தூரம் அடைத்துள்ளது என்பனவே அவர் கண்ணுக்குத் தெரிந்தன. முன்னாளில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து வரத்துக்காலைத் தூர்வாரியதையும், ஏரிநீரைப் பங்கிட்டு விடுபவருக்குக் களத்திலேயே நெல் அளந்ததையும் கூறினார். கரையோரம் கிடந்த குப்பைக் குவியலைக் கண்டும் ஒன்றும் சொல்லாது நடந்தார். அக்குவியலில் எம் வீட்டுக் குப்பையும் உண்டு. நண்பரை ஊருக்கு அழைத்தபோதெல்லாம் இவ்வேரியைக் காட்ட நாணியிருந்தோம். அந்நாணத்திற்கு யாமும் காரணர் என்பதை அன்றே உணர்ந்தோம்.

தமிழ் பயில்வோர்க்குப் பெரியப்பாவின் வினா புதியதன்று. பாரி மாய்ந்தபின் பறம்பு நாட்டை நோக்கிய கபிலர், பாறைகளுக்கிடையே அமைந்த சிறு குளமொன்று காப்பாரின்றி உடைவதற்கு இரங்கினார். புறநானூற்றின் 118ஆம் பாட்டு அவ்விரக்கமே. குளத்தைக் கண்ட புலவர் அதன் அழகோடு நின்றாரல்லர். அதனைக் காத்தவன் இல்லாமையையும் கண்டார். அக்கபிலர் உயிர்நீத்த இடமென்று வழிவழியாகச் சொல்லப்படும் குன்று, எம் ஊருக்கு அணித்தான திருக்கோவலூரில், பெண்ணையாற்றின் நடுவே இன்றும் நிற்கின்றது. அவ்வழியே பன்முறை சென்றும், அவர் கண்டவாறு ஓர் ஏரியைக் காண யாம் கற்றிலோம்.

நார்வே நாட்டார் இவ்வினாவுக்கு என்ன விடை வைத்துள்ளனர்? கெய்ராங்கர், நேரோய் என்னும் இரு பியோர்டுகளும் 2005இல் உலக மரபுச் சின்னங்களாயின. காண்போர் பெருகினர், கப்பற் புகையும் பெருகியது. 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதனைத் தடுக்கத் தீர்மானித்தது. அதன்வழி, உலக மரபுப் பியோர்டுகளில் 10,000 டன்னுக்கு உட்பட்ட பயணிக் கப்பல்கள் 2026 ஜனவரி முதல் புகையின்றி இயங்கவேண்டும் என்றும், அதனிற் பெரியவற்றுக்கு 2032 வரை தவணை என்றும் விதிக்கப்பட்டது. செங்குத்தான பாறைத் தட்டுகளில் மக்கள் விட்டுச் சென்ற பழம் பண்ணை வீடுகளை, 1975இல் தோன்றிய சங்கமொன்று பேணி வருகின்றது. படத்தில் தெரியும் எழிலுக்குப் பின்னே, படத்தில் தெரியாத இக்காவல் உள்ளது.

நம் மாவட்டத்திலும் இத்தகைய காவல் இல்லாமலில்லை. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை அடுத்த கழுவேலி, மழைநீரும் கடல்நீரும் கலக்கும் நீர்நிலை. கூழைக்கடாவும் பூநாரையும் வலசை வரும் அவ்விடம் 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் நிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆயின் சிற்றூர் ஏரிகளுக்கு இத்தகைய பட்டயம் ஏது? அவற்றுக்கு ஊராரே காவல். அதே 2024ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அத்தகைய நாளில், பேணாத கரையும் அடைபட்ட காலும் என்ன செய்யும் என்பதை நம் மாவட்டத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயின் நார்வேக்குச் செல்ல வேண்டா என்பது எம் கருத்தோ எனின், அன்று. நார்வே டென்மார்க்கு முடியின்கீழ் இருந்த காலத்தில், 1620இல், அவ்வரசினர் கடல் கடந்து நம் தரங்கம்பாடிக்கு வந்தனர். அவர் வந்த வழியே நாம் செல்லுதல் முறையே. சென்று அப்பாறைகளையும் அருவிகளையும் கண்ணாரக் காண்க. படமும் எடுத்து வருக. ஆயின், ‘இதனைப் பார்த்துக்கொள்கிறவர் யார்?’ என்றும் வினவி வருக. அவ்விடையைக் கொண்டுவந்து தம் ஊர் ஏரிக்கரையில் இறக்கி வைப்போரே பயன்பெற்ற பயணிகள். அதனை வினவாது மீள்வோர் கப்பற் புகையைப் பெருக்கியோரேயன்றிப் பிறிதொன்றும் செய்தோர் ஆகார்.

இக்கல்லூரியிற் பயில்வோரும் பயின்றோரும், ஆண்டுக்கு ஒரு நாளேனும் தத்தம் ஊர் ஏரிக்கு அளித்தல் வேண்டும் என்பது எம் வேண்டுகோள். வரும் கோடை விடுமுறையில் எம் வகுப்பு நண்பர் நால்வர் கண்டாச்சிபுரத்துக்கு வர இசைந்துள்ளனர். அப்போது ஏரி வற்றியிருக்கும். காண்பதற்குக் காட்சி ஒன்றும் இராது. வரத்துக்காலைத் தூர்வார அதுவே தக்க பருவம் என்று பெரியப்பா கூறுகின்றார். மண்வெட்டிகள் எம் வீட்டில் மூன்றே உள்ளன; இன்னும் இரண்டு வேண்டும்.