ஒரு பிட்டுக்கு ஒன்பது துகள்: உங்கள் கல்யாண வீடியோ எதை நம்பி இருக்கிறது?

பொதட்டூர்பேட்டை பக்கம் போயிருக்கிறீர்களா? திருத்தணியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நெசவு ஊர். தெருவுக்குள் நுழைந்தாலே தறிச் சத்தம்தான் முதலில் வரவேற்கும். நெசவு தெரிந்த எந்தப் பெரியவரிடமும் கேட்டுப் பாருங்கள். நல்ல துணிக்கு நல்ல நூல் மட்டும் போதாது என்பார். பாவுக்குக் கஞ்சி போட்டு, நூலும் நூலும் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து விட வேண்டும். ஒட்டினால் தறியில் அறுந்து போகும், துணியில் பிசிறு தெரியும்.

இப்போது அதே ஊரில் ஒரு கல்யாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ட்ரோன் பறக்கிறது, மூன்று கேமரா ஓடுகிறது. வீடியோகிராபர் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுக்கிறார். மாப்பிள்ளை அதை க்ளவுடிலும் ஏற்றி வைக்கிறார். க்ளவுட் என்று பெயர் இருந்தாலும், அதன் பின்னால் இருப்பது தரவு மையம். அங்கே மலைபோல் குவியும் தரவின் பெரும்பகுதி இன்றும் ஹார்ட் டிஸ்க் தட்டுகளில்தான் போய் உட்காருகிறது. அந்தத் தட்டுமேல் இருக்கும் காந்தப் படலத்தின் தடிமன் சுமார் 20 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்தப் படலத்தை நல்லதாக்குவதும் நம்ம ஊர் பாவு விஷயம்தான்: துகள் எவ்வளவு முக்கியமோ, துகளுக்கும் துகளுக்கும் நடுவில் இருப்பதும் அவ்வளவு முக்கியம். இந்த அறிவு நமக்கு இல்லாமல், தரவு மையங்களையும் சிப் ஆலைகளையும் மட்டும் வரவேற்றுக்கொண்டிருந்தால் போதுமா என்பதுதான் என் கேள்வி.

முதலில் ஒரு சின்ன கணக்கு

1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பி. இன்று போனில் எடுக்கும் இரண்டு பெரிய போட்டோவுக்கே பற்றாது. அந்தத் தட்டுகளில் இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சை, பெயின்ட் அடிப்பதுபோலப் பூசியிருந்தார்கள்.

இப்போது பூச்சு இல்லை, படலம். வெற்றிட அறைக்குள் ஆர்கான் அயனிகளால் உலோகத்தை அடித்து, சிதறும் அணுக்களைத் தட்டின்மேல் படிய வைக்கிறார்கள். இதற்கு ஸ்பட்டரிங் என்று பெயர். கோபால்ட், குரோமியம், பிளாட்டினம் கலந்த உலோகம் அங்கே சின்னச் சின்னத் தூண்களாக வளர்கிறது. ஒவ்வொரு தூணும் ஒரு படிகத் துகள். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு எட்டு, ஒன்பது நானோமீட்டர்.

ஒரு சதுர அங்குலத்தில் 1 லட்சம் கோடி பிட் எழுதினால், ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் இடம் 645 சதுர நானோமீட்டர். ஒரு துகள் பிடிக்கும் இடம் சுமார் 72. வகுத்துப் பாருங்கள்: ஒரு பிட்டுக்கு ஒன்பது துகள். தாலி கட்டும் அந்த நொடியின் ஒவ்வொரு ‘ஒன்று’க்கும் ‘பூஜ்ய’த்துக்கும் சாட்சி இந்த ஒன்பது பேர்தான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

ஹார்ட் டிஸ்க்கில் இரைச்சல் என்றால் காதில் கேட்கும் ‘டக் டக்’ இல்லை. படிக்கும் தலைக்கு வந்து சேரும் சிக்னலில் கலந்திருக்கும் குழப்பம். அதில் பெரும்பங்கு ஒரு பிட் முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லைக்கோட்டில் பிறக்கிறது.

எழுதும் தலை நேர்க்கோடு போடத்தான் நினைக்கிறது. ஆனால், ஒரு துகளைப் பாதியாக வெட்டி, ஒரு பாதி மேலே பார், மறுபாதி கீழே பார் என்று சொல்ல முடியாது. முழுத் துகளும் ஏதோ ஒரு பக்கம்தான் திரும்பும். அதனால் கோடு பல் பல்லாக ஓடுகிறது. தடித்த நூலில் நெய்த பூ வேலை படிக்கட்டு மாதிரித் தெரிவதும், மெல்லிய நூலில் அதே பூ அழகாக வளைந்து வருவதும் இதே காரணத்தால்தான்.

இதைவிடப் பெரிய வில்லன் ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் நேரடியாக ஒட்டிக்கொண்டிருந்தால், அவற்றின் காந்தத் திசையும் பிணைந்துவிடும். ஒன்று திரும்பினால் பக்கத்தில் இருக்கும் பத்தும் கூட்டமாகத் திரும்பும். துகள் சின்னதாக இருந்து என்ன பயன்? கூட்டம் பெரிதாகிவிட்டதே!

எனவே இந்தப் பிணைப்பை அறுக்க வேண்டும். பழைய படலங்களில் தட்டைச் சூடாக்கி, குரோமியத்தைத் துகள்களின் ஓரத்துக்கு ஒதுங்க வைத்தார்கள். அடுத்து வந்தவற்றில் சிலிக்கான் டை ஆக்சைடு போன்ற ஆக்சைடைச் சேர்த்தார்கள். அது கோபால்ட்டோடு கலக்காது, ஓரமாகப் போய் ஒரு நானோமீட்டர் சுவராக நின்றுவிடும். அடியில் ருத்தேனியம் படலம் ஒன்று; அதன் ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு கோபால்ட் தூண். துகளின் அளவையும், அது எந்தப் பக்கம் சாயாமல் நிற்க வேண்டும் என்பதையும் முடிவு செய்வது இந்த அடித்தளம்.

பிணைப்பை முழுசாக அறுத்தாலும் சிக்கல். ஒவ்வொரு துகளும் தன் இஷ்டத்துக்கு வேறு வேறு காந்தப் புலத்தில் திரும்பத் தொடங்கும். அதனால் மேலே மெல்லிய இன்னொரு படலம் வைத்து, அளவாகக் கொஞ்சம் பிணைப்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

அப்போ துகளை இன்னும் சின்னதாக்கினால்?

நியாயமான கேள்வி. ஒன்பது பேரிடம் கேட்டுத் தேர்தல் முடிவைச் சொல்வதைவிட, தொண்ணூறு பேரிடம் கேட்டால் பிழை குறையும். துகள் சின்னதானால் ஒரு பிட்டுக்கு நிறையத் துகள், இரைச்சல் கம்மி. ஆனால், இயற்பியல் இங்கே குறுக்கே வருகிறது.

சாதாரண அறை வெப்பமே ஒவ்வொரு துகளையும் ஓயாமல் உலுக்கிக்கொண்டிருக்கிறது. துகளைப் பிடித்து வைத்திருக்கும் காந்த ஆற்றல், இந்த வெப்ப ஆற்றலைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் அதன் ஆயுள். ஒரு துகள் விநாடிக்கு 100 கோடி முறை திரும்ப முயல்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 60 மடங்கு இருக்கும் துகள் தானாகத் திரும்பச் சராசரியாக 360 கோடி ஆண்டுகள் ஆகும். 40 மடங்கு என்றால் ஏழு ஆண்டு சொச்சம். உயரத்தை மாற்றாமல் துகளின் அகலத்தை மட்டும் பாதியாக்கினால், 60 மடங்கு 15 ஆகிவிடும். ஆயுள்? மூன்று மில்லி விநாடி! முகூர்த்த வீடியோ சேமித்த கையோடு காணாமல் போய்விடும்.

‘360 கோடி ஆண்டு எதற்கு, பத்து ஆண்டு போதுமே’ என்று தோன்றலாம். எல்லாத் துகளும் ஒரே அளவில் வளர்வதில்லை. சில குட்டையாக, சில ஒல்லியாக இருக்கும். பக்கத்து பிட்களின் காந்தப் புலமும் தள்ளிக்கொண்டே இருக்கும். சராசரியைப் பார்த்தால் பிழைக்க முடியாது, இருப்பதிலேயே பலவீனமான துகளைப் பார்க்க வேண்டும். துகள்கள் எவ்வளவு ஒரே சீராக வளர்கின்றன என்பதும் நுண்கட்டமைப்பின் வேலைதான்.

சரி, சின்னத் துகளே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்படி வலுவான காந்தப் பொருளை எடுத்தால்? அப்போது எழுதும் தலையால் அதைத் திருப்பவே முடியாது. மத்தளத்துக்கு இரண்டு பக்கம்தான் இடி. இங்கே மூன்று பக்கம்: இரைச்சல், வெப்பம், எழுதும் சிரமம். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

கடந்த 25 ஆண்டு ஹார்ட் டிஸ்க் வரலாறு இந்த மூன்றுக்கும் நடுவில் வழி தேடிய கதைதான். 2001-ல் ஐபிஎம் மூன்றே அணு தடிமனுள்ள ருத்தேனியத்தை இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவில் வைத்தது. ஜப்பானின் சுனிச்சி இவாசாகி 1970-களில் சொன்ன யோசனையை, அதாவது பிட்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைக்கும் முறையை, 2005-ல் தோஷிபா சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது இரும்பு-பிளாட்டினம் துகள்களை லேசரால் ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குச் சூடாக்கி, இளகியிருக்கும்போதே எழுதிவிடுகிறார்கள். 2024 தொடக்கத்தில் சீகேட் அறிவித்த 30 டிபி டிஸ்க்குகள் இந்த ரகம். அதிலும் துகள்களைப் பிரித்து வைக்க ஓரச்சுவர் தேவைப்படுகிறது. பொருள் மாறியது, பாவைப் பிரிக்கும் வேலை மாறவில்லை.

சிங்கப்பூர் என்ன செய்தது?

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் சிங்கப்பூருக்கு ஹார்ட் டிஸ்க் வந்தது அசெம்பிளி வேலையாகத்தான். குறைந்த செலவில் உதிரிபாகங்களைப் பொருத்தித் தரும் வேலை. ஆனால், அதோடு அவர்கள் நிற்கவில்லை. 1992-ல் காந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். அது பிறகு டேட்டா ஸ்டோரேஜ் இன்ஸ்டிட்யூட் ஆனது. அங்கே பணியாற்றிய எஸ்.என்.பிரமநாயகம், நிற்கும் பிட் முறையின் படலங்கள் பற்றி 2007-ல் எழுதிய நீண்ட ஆய்வுத் தொகுப்பு, இந்தத் துறைக்குள் நுழைபவர்கள் இன்றும் தேடிப் படிக்கும் ஒன்று. துகள் அளவு, ஓரச்சுவர், அடிப்படலம் எல்லாம் அதில் உண்டு. பெயரைப் பார்த்தாலே தெரியும், நம்மவர்.

பின்னாளில் கூலி உயர்ந்ததும் அசெம்பிளி வேலை பக்கத்து நாடுகளுக்குப் போனது. சீகேட்டும் சிங்கப்பூரில் டிஸ்க் பொருத்துவதை நிறுத்தியது. ஆனால், காந்தப் படலம் போட்ட தட்டுகளைத் தயாரிக்கும் உட்லண்ட்ஸ் ஆலை அங்கேயே இருந்தது. திருகு முடுக்கும் வேலையைப் பெட்டியில் கட்டி எடுத்துப்போகலாம். படலம் வளர்க்கத் தெரிந்த ஆட்களை அவ்வளவு லேசில் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.

நம் கதை என்ன? 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014-ல் மூடியது. வரிச் சிக்கல், சந்தைச் சரிவு என்று காரணங்கள் பல. ஆனால், ஆலை மூடியபோது அந்த மண்ணில் வேர்விட்டு நின்ற அறிவு என்று எதைச் சொல்ல முடிந்தது?

நாம் எதைக் கேட்க வேண்டும்?

தமிழ்நாடு 2021-ல் தரவு மையக் கொள்கை வெளியிட்டது. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் தரவு மையங்கள் எழுகின்றன. செமிகண்டக்டர் இயக்கமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நல்லதுதான். ஆனால், தரவு மையம் என்பது பெரும்பாலும் நிலம், மின்சாரம், குளிரூட்டும் ஏற்பாடு. உள்ளே சுழலும் தட்டு வெளியிலிருந்து வருகிறது.

‘ஹார்ட் டிஸ்க்கெல்லாம் பழசுங்க, எஸ்எஸ்டி வந்தாச்சு’ என்பார்கள். உங்கள் லேப்டாப்பில் வந்தாச்சு, உண்மை. ஆனால், மொத்தமாகக் குவித்து வைக்கும் இடத்தில் ஒரு டிபிக்கு ஆகும் செலவில் ஹார்ட் டிஸ்க் இன்னும் மிகக் குறைவு. ‘உலகத்திலேயே மூன்று கம்பெனிதான் இதைச் செய்கிறது, நாம் போட்டி போட முடியுமா’ என்பது இன்னொரு கேள்வி. போட்டி போடச் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் ஆலை வேண்டும் என்பதும் என் கோரிக்கை இல்லை. ஸ்பட்டரிங், துகள் எல்லை, படலங்களுக்கு இடையிலான பரப்பு ஆகிய இதே அறிவுதான் சிப்புக்கும், சென்சாருக்கும், சோலார் பேனலுக்கும், காந்த நினைவகச் சில்லுக்கும் வேண்டும். சிப் ஆலை வரும்போது அந்த அறிவுள்ளவர்களை வெளியிலிருந்து இறக்குமதி செய்யப்போகிறோமா, இங்கேயே உருவாக்கப்போகிறோமா?

படிக்க இடம் இல்லாமல் இல்லை. ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, கோவை பிஎஸ்ஜி டெக் எல்லாவற்றிலும் உலோகவியல் துறை உண்டு. ஆனால், கவுன்சலிங் நேரத்தில் வீடுகளில் நடக்கும் பேச்சு நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால்தான் மற்றதைப் பற்றி யோசனையே. அரசு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு கல்லூரிகளில் படலம் வளர்க்கும் கருவிகளுக்கும், அதை இயக்கிப் பார்க்கும் மாணவர்களின் உதவித்தொகைக்கும் போக வேண்டும். தொழில் தொடங்க வரும் நிறுவனங்களிடம் எத்தனை வேலை என்று கேட்பதோடு, எத்தனை ஆய்வுக்கூடம் என்றும் கேட்க வேண்டும்.

அதுவரை உங்கள் வீட்டு விஷயத்தில் ஒன்று செய்யுங்கள். அந்தத் துகள்கள் லேசில் மறப்பதில்லை. பெரும்பாலும் கைவிடுவது மோட்டாரும், தலையும், சர்க்யூட் போர்டும்தான். எனவே கல்யாண வீடியோவை ஒரே டிஸ்க்கில் வைக்காதீர்கள். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள்.

அப்புறம், பிளஸ் டூ முடித்த தம்பியோ தங்கையோ ‘மெட்டலர்ஜி எடுக்கலாமா?’ என்று கேட்டால், ‘அதுல என்ன ஸ்கோப் இருக்கு?’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதே, எங்கோ ஒருவர் ஒன்பது துகள்களை ஒழுங்காக வளர்த்து வைத்த சர்வரில் ஏறித்தான் போய்ச் சேரப்போகிறது.