புது 'ஜி' வரும்போதா, பழைய 'ஜி' போகும்போதா?

தாம்பரம் ரயில் நிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் சண்முகம் சாலைக்குள் நுழைந்தால் துணிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவே செல்போன் கடைகள் கண்ணில் படும். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வாசகம் மட்டும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். ஒரு காலத்தில் 3ஜி, அப்புறம் 4ஜி, இப்போது 5ஜி. ஆனால் அது சொல்லும் சேதி என்னவோ ஒன்றுதான். "உங்க போன் பழசாயிடுச்சு, மாத்துங்க!"

மாற்றத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால் எப்போது? இது ஏதோ பொழுதுபோகாதவர்களின் கேள்வி என்று நினைக்க வேண்டாம். குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை இருக்கும் பல வீடுகளில் ஒரு ஸ்மார்ட்போனின் விலை என்பது ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய பங்கு. தவணையில் வாங்கினால் அந்த வருடம் முழுக்கப் பால்காரருக்கும் மளிகைக்கடைக்கும் அடுத்தபடியாகத் தவணைக்காரர் வந்து நிற்பார். தப்பான நேரத்தில் வாங்கினால் காசு வீண். வாங்க வேண்டிய நேரத்தில் வாங்காவிட்டால் ஒருநாள் போனே பேசாது.

ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டுமென்றால் இதுதான்: புது நெட்வொர்க் வரும்போது போனை மாற்றாதீர்கள், பழைய நெட்வொர்க் போகும்போது மாற்றுங்கள். வருவது தாரை தப்பட்டையோடு வரும். போவது சத்தமில்லாமல் போகும். நாமோ சத்தம் வரும் பக்கமே திரும்பிப் பார்க்கிறோம்!

சென்னை பார்த்த மூன்று வழியனுப்புகள்

முதலாவது சி.டி.எம்.ஏ. 2003ம் வருடம் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் கட்டினால் போன் என்று அறிவித்தபோது கடைகளில் கூட்டம் அலைமோதியது. அதுவரை செல்போன் என்பது பணக்காரர் பொருள். 501 ரூபாய் அதை மாற்றியது உண்மை. ஆனால் அந்த போன்கள் பலவற்றில் சிம் கார்டே கிடையாது, நம்பர் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வேறு கம்பெனிக்குப் போக நினைத்தால் போனையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். 2010களின் பிற்பாதியில் சி.டி.எம்.ஏ. நம் நாட்டிலிருந்து விடைபெற்றபோது அந்தக் கருவிகள் எல்லாம் வெறும் கடிகாரங்களாகிப் போயின.

இரண்டாவது 3ஜி. சென்னையில் பி.எஸ்.என்.எல். 2009 பிப்ரவரியில் இதைத் தொடங்கியது. 2010ல் நடந்த அலைக்கற்றை ஏலத்துக்குப் பிறகு தனியார் கம்பெனிகளும் வந்தன. முகம் பார்த்துப் பேசலாம் என்று ஆசை காட்டினார்கள், அதற்காகவே போன் மாற்றியவர்கள் ஏராளம். ஆனால் 2019ல் ஏர்டெல் கொல்கத்தாவில் ஆரம்பித்து ஊர் ஊராக 3ஜியை மூடத் தொடங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், 3ஜிக்கு முன்பே வந்த 2ஜி இன்னும் உயிரோடு இருக்கிறது! அண்ணன் இருக்கத் தம்பி போய்விட்டான். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருந்ததால் 2ஜியை மூட முடியவில்லை. இடையில் வந்த 3ஜிதான் பலியானது. ஆக, புதுசு வாங்கினால் அதிக காலம் தாங்கும் என்ற கணக்கு எப்போதும் சரிவராது.

மூன்றாவது ஏர்செல். இங்கே போனது தொழில்நுட்பம் அல்ல, கம்பெனியே போய்விட்டது. 1999ல் தமிழ்நாட்டில் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நிறுவனம் அது. 2018 பிப்ரவரியில் ஒருநாள் தமிழகம் முழுக்க சிக்னல் படுத்துவிட்டது. வேறு கம்பெனிக்கு மாற குறுஞ்செய்தி அனுப்பி எண் வாங்க வேண்டும். ஆனால் குறுஞ்செய்தி அனுப்பவே சிக்னல் இல்லையே! அந்த மாதக் கடைசியிலேயே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், ஆதார் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பரைக் கொடுத்து வைத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். கையில் இருந்த போன் நல்ல போன்தான். என்ன பிரயோஜனம்?

இந்த மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. வந்த தேதி எல்லோருக்கும் நினைவிருந்தது, போகப் போகிற தேதியை யாரும் விசாரிக்கவில்லை.

5ஜி மட்டும் விதிவிலக்கா?

இல்லை. இந்தியாவில் முதல் 5ஜி போன்கள் 2020 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தன. நெட்வொர்க் வந்ததோ 2022 அக்டோபர் 1 அன்று. ஏர்டெல் முதலில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஜியோ அதே மாதம் 22ம் தேதி இங்கே ஆரம்பித்தது. அதாவது முதலில் ஓடிப்போய் வாங்கியவர்கள் இரண்டரை வருடம் 5ஜி என்ற எழுத்தை அட்டைப்பெட்டியில் மட்டுமே பார்த்தார்கள். நெட்வொர்க் வந்த பிறகும் பல போன்களுக்குத் தனியாக மென்பொருள் அப்டேட் வர வேண்டியிருந்தது. ஐபோன்களுக்கே 2022 டிசம்பரில்தான் வந்தது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 5ஜி என்பது ஒரே அலைவரிசை அல்ல. ஜியோ வைத்திருக்கும் 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவர் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். 3,300 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும் அலையோ வேகத்தில் புலி, ஆனால் கான்கிரீட் சுவரைக் கண்டால் பூனை. ஆரம்பகால 5ஜி போன்கள் சிலவற்றில் ஒன்றிரண்டு அலைவரிசைகள்தான் இருந்தன. ஜியோ அமைத்தது 4ஜியின் துணையே இல்லாமல் தனித்து இயங்கும் 5ஜி. ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நின்ற 5ஜியோடு தொடங்கியது. இரண்டுக்கும் எல்லா போனும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அட்டையில் 5ஜி என்று இருந்தால் போதும் என்று நம்பி வாங்கியவர்களுக்கும், காத்திருந்து எல்லா அலைவரிசையும் உள்ள போனை வாங்கியவர்களுக்கும் இதுதான் வித்தியாசம். பொறுத்தவர்கள் குறைந்த விலையில் நல்ல பொருளை வாங்கினார்கள்.

போன் வாங்குவதோடு செலவும் முடிவதில்லை. 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது, அளவில்லாத 5ஜி வேண்டுமென்றால் நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டம் போட வேண்டும் என்றாகிவிட்டது. மாதா மாதம் கூடுதலாகப் போகும் இந்தப் பணத்தையும் போன் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மறுபக்கமும் பேச வேண்டும் அல்லவா?

"காலையில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறிப் பார், 4ஜியில் ஒரு படம்கூட இறங்காது" என்பார்கள். நியாயமான பேச்சுதான். தாம்பரம், பல்லாவரம் மாதிரி நெரிசலான இடங்களில் ஒரே டவரை ஆயிரக்கணக்கானோர் பங்கு போட்டுக்கொள்ளும்போது 4ஜி திணறும். 5ஜியில் இடம் தாராளம். தினமும் ஆன்லைனில் வேலை பார்ப்பவர், வீடியோ அனுப்பிப் பிழைப்பவர், வீட்டுக்கு இணைய இணைப்பு இல்லாமல் போனை நம்பியே படிக்கும் மாணவர் ஆகியோருக்கு 5ஜி ஆடம்பரம் இல்லை, சம்பாத்தியத்துக்கும் படிப்புக்கும் வேண்டிய கருவி. அவர்கள் தாராளமாக மாற்றலாம்.

ஆனால் மற்றவர்களுக்கு ஒரு நல்ல சேதி. பக்கத்துச் சீட்டுக்காரர் 5ஜிக்குப் போகப் போக, அவர் காலி செய்யும் 4ஜி இடத்தில் நமக்கும் கொஞ்சம் கிடைக்கும். என்றாவது ஒருநாள் கம்பெனிகள் 4ஜி அலையையும் எடுத்து 5ஜிக்குக் கொடுக்கும், அது உண்மை. ஆனால் அந்த நாள் இன்னும் தூரத்தில் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். நிறுவனமே தன் 4ஜியை நாடு முழுவதும் 2025 செப்டம்பரில்தான் முறைப்படி தொடங்கியது. நேற்று கிரகப்பிரவேசம் செய்த வீட்டை நாளைக்கே யார் இடிக்கப் போகிறார்கள்?

வீட்டில் யார் போனை முதலில் மாற்றுவது?

உண்மையான கேள்வி இதுதான். ஆனால் இதை யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? பையன் கல்லூரியில் சேர்ந்ததும் அவனுக்குப் புது போன். அவனுடைய பழைய போன் அம்மாவுக்கு. அம்மாவின் பட்டன் போன் பாட்டிக்கு. தண்ணீர் மேலிருந்து கீழே இறங்குவது மாதிரி போன்களும் இறங்கும். கடைசியில் நிற்பவரிடம் இருப்பதுதான் முதலில் செத்துப்போகும் நெட்வொர்க்!

பையனின் 4ஜி போனில் அழைப்பு, வகுப்பு, பணம் அனுப்புவது எல்லாம் நடக்கின்றன. பாட்டியின் பட்டன் போன் 2ஜியை நம்பி இருக்கிறது. ஜியோவிடம் ஆரம்பத்திலிருந்தே 2ஜி கிடையாது. இந்தியாவை 2ஜி இல்லாத நாடாக்க வேண்டும் என்று 2020லேயே முகேஷ் அம்பானி வெளிப்படையாகப் பேசினார். மற்ற கம்பெனிகள் இன்னும் வைத்திருக்கின்றன, ஆனால் என்றைக்கும் வைத்திருப்போம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில் 3ஜியை மூடியபோது, 4ஜி இருந்தும் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜியை நம்பியிருந்த போன்களையும் சேர்த்து முடக்கினார்கள். 4ஜி என்று நம்பி வைத்திருந்த போன், ஆபத்துக்குக் கூப்பிட உதவாது என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

நம் ஊருக்கு ஆபத்து புதிதல்ல. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியதை மறக்க முடியுமா? அடுத்த வருடமே வர்தா புயல். அந்த மாதிரி நாட்களில் யாரும் இணைய வேகத்தை அளந்து பார்ப்பதில்லை. "எங்கே இருக்கீங்க, நல்லா இருக்கீங்களா?" என்ற ஒரு கேள்வி போய்ச் சேர்ந்தால் போதும். அந்தக் கேள்வி பெரும்பாலும் யாரைத் தேடிப் போகிறது? வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவையும் பாட்டியையும்தான். அப்படியானால் வீட்டில் இருக்கும் காசுக்கு முதல் உரிமை யாருடைய போனுக்கு? யோசித்துப் பாருங்கள்.

பாட்டிக்கு 5ஜி வேண்டாம். 4ஜியில் பேசக்கூடிய சாதாரண பட்டன் போனே கடைகளில் கிடைக்கிறது. பையன் ஆசைப்படும் போனின் விலையில் ஒரு சின்னப் பங்குதான் அது.

எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து யாருக்காவது போன் போடுங்கள். பேசும்போது மேலே தெரியும் 4ஜி அடையாளம் அப்படியே நிற்கிறதா? நின்றால் உங்கள் போனில் 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் 'வோல்ட்டீ' வசதி வேலை செய்கிறது. அடையாளம் 2ஜிக்கு இறங்கி, பேசி முடிக்கும்வரை இணையமும் நின்றுபோனால் உங்கள் போன் பழைய நெட்வொர்க்கின் தயவில் ஓடுகிறது என்று அர்த்தம். முதலில் அமைப்புகளுக்குள் போய் அந்த வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வசதியே இல்லையென்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

இரண்டாவது, அமைப்புகளில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி. அது வருடக்கணக்கில் பின்தங்கியிருந்தால், அந்த போனில் பணப் பரிமாற்றம் செய்வது ஓட்டைப் பையில் சில்லறை போடுவது மாதிரி. செயலிகளும் பழைய போன்களைக் கைவிட்டுக்கொண்டே வரும். ஆண்ட்ராய்டு 4.4 போன்களில் வாட்ஸ்அப் 2025 ஜனவரியோடு நின்றது.

மூன்றாவது, பேட்டரி. சார்ஜ் நிற்கவில்லை என்பதற்காகப் போனையே மாற்றுகிறவர்கள் அதிகம். பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் இரண்டு வருடம் ஓடக்கூடிய போன்கள் எத்தனையோ.

இந்த மூன்றிலும் தேறினால் உங்கள் போனுக்கு வயதாகவில்லை, விளம்பரத்துக்குத்தான் அவசரம். தேறாவிட்டால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் வாங்கினாலும் சரி, பில் வாங்குங்கள். *#06# அழுத்தினால் வரும் எண்ணை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்தால் திருட்டுப் போனா என்று தெரிந்துவிடும். ஏர்செல் கற்றுத்தந்த பாடத்தையும் மறக்க வேண்டாம். ஒரே வீட்டில் எல்லோரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருக்காதீர்கள்.

6ஜி பற்றிய பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. நாளைக்கு அதுவும் சண்முகம் சாலைக் கடைக் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போதும் உடனே கடைக்குள் போய்விடாமல், ஒரு நிமிடம் நின்று வீட்டில் இருக்கும் பாட்டிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள்.

மணி அடித்தால், அவசரமில்லை. அடிக்காவிட்டால் கடைக்குள் போங்கள், ஆனால் உங்களுக்காக அல்ல!