கம்பனியின் பாடமும் கழகத்தின் பட்டமும்

யாழ்ப்பாணத்திலே பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியம் என்பார் ஒரு சாரார். திருக்கணிதம் என்பார் மறுசாரார். ஒரே விரதம் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் வெவ்வேறு நாளில் வருதலும் உண்டு. அதனால் எவருக்கும் பெருநட்டம் விளைவதில்லை. ஆனால், ஒரே மாணவன் ஒரே காலத்தில் இரண்டு பஞ்சாங்கங்களின் கீழ்ப் படிக்க நேர்ந்தால் என்னாவது? பல்கலைக்கழகங்களிலே கணினி வலையமைப்பைப் பயிலும் பிள்ளைகள் பலருக்கு அதுவே நேர்கின்றது. ஒன்று பல்கலைக்கழகத்தின் பஞ்சாங்கம். மற்றையது கம்பனியின் பஞ்சாங்கம்.

செய்தி இதுதான். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தகவல் பரிமாறச் செய்வதே வலையமைப்பு. அதற்குரிய கருவிகளைச் செய்து விற்கும் கம்பனிகளுட் பெரியவற்றுள் ஒன்று அமெரிக்காவின் சிஸ்கோ. 1984ஆம் ஆண்டில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திலே கணினிப் பணி புரிந்த கணவனும் மனைவியுமாக அதனைத் தொடங்கினர். 1997இல் அக்கம்பனி கல்விக்கூடங்களுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தது. பாடம், பயிற்சி, வினாக்கள் ஆகிய யாவற்றையும் கம்பனியே எழுதித் தரும். ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் கல்விக்கூடம் தரவேண்டும். படித்து முடித்தவன் விரும்பினால், சீ.சீ.என்.ஏ. என்னும் கம்பனிச் சான்றிதழுக்குரிய பரீட்சைக்குத் தோற்றலாம். உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் இப்பாடங்களைத் தம் பட்டப்படிப்பினுள்ளேயே சேர்த்துக்கொண்டன. இலங்கையிலும் இத்திட்டத்தில் இணைந்த உயர்கல்வி நிலையங்கள் உள.

இதனை ஒரேயடியாகக் குறைகூற நாம் முன்வரோம். நன்கு வகுக்கப்பட்ட பாடம், பழகுவதற்கு இலவசமாய்க் கிடைக்கும் மென்பொருள், தொழில் தருவோர் அறிந்த ஒரு சான்றிதழ் என்பன எளிய குடும்பத்துப் பிள்ளைக்குச் சிறிய உதவிகளல்ல. இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கின்றது. கம்பனி தன் பாடத்தை அடிக்கடி மாற்றும். 2007இல் அதனை இரு கிளைகளாகப் பிரித்தது. 2013இல் மீண்டும் ஒன்றாக்கியது. நான்கு பகுதிகளாக இருந்ததை 2020ஐ ஒட்டி மூன்றாகக் குறுக்கிற்று. பல்கலைக்கழகமோ அவ்வாறு விரைந்து நடக்க இயலாது. இங்கே ஒரு பாடவிதானத்தைத் திருத்துவதாயின் துறை கூடவேண்டும், பீடச் சபை கூடவேண்டும், மூதவை ஒப்பவேண்டும். நான்கு பருவங்களுக்கு நான்கு பகுதி என்று அழகாய்ப் பொருத்தி மூதவையின் ஒப்புதலைப் பெற்று வைத்திருந்த துறையொன்று, பகுதிகள் மூன்றானதும் நான்காம் பருவத்தை எதைக் கொண்டு நிரப்பும்?

இத்தகைய மாற்றம் மாணவன் தலையில் எப்படி விழுகின்றது என்பதற்கு 2020ஆம் ஆண்டே சான்று. அதற்கு முன்னர் அச்சான்றிதழ்ப் பரீட்சையை இரு பாதியாகவும் எழுதலாம் என்ற வசதி இருந்தது. முதற்பாதியிற் சித்தியடைந்து, சிறிது பொருள் சேர்த்துக்கொண்டு, பின்னர் மறுபாதிக்குத் தோற்றுவது வசதி குறைந்தோர்க்கு ஏற்ற வழியாயிருந்தது. 2019 ஜூனிற் கம்பனி ஓர் அறிவித்தல் விடுத்தது. 2020 பெப்ரவரி 24 முதல் ஒரே பரீட்சை; பாதி முறை இல்லை. அத்தேதிக்கு முன் மறுபாதியை எழுதி முடியாதவன் புதிய பரீட்சையை முழுமையாகவே எழுதவேண்டியவனானான். ஏறக்குறைய எட்டு மாத அவகாசம் தரப்பட்டது உண்மை. ஆயினும் இடைநடுவில் நின்ற மாணவனுக்கு அந்த எட்டு மாதத்துள் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் வந்து நின்றிருக்குமல்லவா?

இனி, பாடத்தினுள்ளே புகுந்து பார்ப்போம். கணினிகள் தமக்குள் உரையாடுவதற்கு வகுத்துக்கொண்ட விதிகளை நெறிமுறை என்பர். 1990களில் அலுவலக வலையமைப்பென்றால் நொவெல் என்னும் கம்பனியின் பெயரே முன்னிற்கும். அதன் சான்றிதழைப் பெற்றவனுக்கு வேலை நிச்சயம் என்றிருந்தனர். அக்கம்பனியின் ஐ.பி.எக்ஸ். நெறிமுறை சிஸ்கோவின் பாடத்திலும் இடம்பெற்றிருந்தது. இன்று அது எங்கே? சிஸ்கோ தானே ஆக்கிய ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்னும் நெறிமுறையையும் மாணவர் பல ஆண்டுகள் கட்டளை கட்டளையாக மனனஞ் செய்தனர். 2020இன் புதிய பரீட்சைத் திட்டத்தில் அதுவும் விடப்பட்டது. இவற்றுக்கு மாறாக, ஓ.எஸ்.பி.எப். என்னும் நெறிமுறை எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவானது. தகவல் செல்ல வேண்டிய மிகக் குறுகிய பாதையை அது கணிக்கும் முறையோ, ஒல்லாந்து அறிஞர் டைக்ஸ்ரா 1959இல் வெளியிட்டது! சிஸ்கோ என்னும் பெயர் பிறப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தியது. அம்முறையைக் காகிதத்திலே போட்டுப் பார்த்துத் தெளிந்த மாணவனுக்குப் புதிய பதிப்பு எத்தனை வந்தாலும் அச்சமில்லை. கட்டளைகளை மட்டுமே உருப்போட்டவனுக்கு ஒவ்வொரு பதிப்பும் புதிய பாடமே.

ஆகையால், எது பல்கலைக்கழகத்துக்குரியது, எது கம்பனிக்குரியது என்று முதலிலே பிரித்துக்கொள்ளல் வேண்டும் என்பது எமது துணிபு. மூதவை ஒப்பும் பாடவிதானத்திற் கம்பனியின் பதிப்பெண்ணும் பகுதிப் பெயர்களும் இருத்தலாகாது. "இப்பாடத்தின் முடிவில் மாணவன் ஒரு வலையமைப்பின் முகவரிகளைப் பகுத்து வழங்குவான்; பாதை தெரியும் முறையை விளக்குவான்; பழுதைக் கண்டு நீக்குவான்" என்றவாறு அவன் பெறவேண்டிய ஆற்றல்களே அங்கே எழுதப்படவேண்டும். கம்பனியின் பாடம் அவ்வாற்றல்களை வளர்க்கும் செய்முறைத் துணையாக அமையலாம். துணை மாறும்பொழுது துறையே கூடி மாற்றிக்கொள்ளலாம். மூதவையின் கதவைத் தட்டவேண்டியதில்லை. கம்பனி ஒரு பகுதியைக் கைவிட்டாலும், வேண்டுமென்று கருதினால் விரிவுரையாளர் அதனைத் தாமே கற்பிக்கலாம்.

இவ்வாறு சொல்வதனாற் பல்கலைக்கழகத்தார் பிழையே இல்லாதவர் என்று கொள்ளவேண்டாம். இணைய முகவரிகளை ஏ, பீ, சீ என வகுப்புப் பிரிக்கும் பழைய முறையை 1993இலேயே உலகம் கைவிட்டு, வகுப்பில்லா முறைக்கு மாறிற்று. ஆயினும் மஞ்சள் படிந்த குறிப்புகளைக் கொண்டு, பழையதே இன்றும் வழக்கிலுள்ளதுபோலக் கற்பிக்கும் வகுப்பறைகள் இல்லாமலில்லை. வரலாறாகச் சொன்னாற் குற்றமில்லை. வழக்காகச் சொல்வதே குற்றம். கம்பனி வந்து உலுக்காவிட்டாற் சில குறிப்புகள் ஒருநாளும் மாறா என்பதையும் ஒப்பத்தான் வேண்டும்.

மாற்றம் வரும்பொழுது முதலிற் காக்கப்படவேண்டியவன் இடைவழியில் நிற்கும் மாணவன். எந்தப் பதிப்பிலே தொடங்கினானோ அப்பதிப்பிலேயே அவ்வணியினர் முடிக்கட்டும். புதியது புதிய அணியிலிருந்து தொடங்கட்டும். பழைய பதிப்பைக் கம்பனி முற்றாக நிறுத்துமுன் அதனை முடிக்க இயலாதெனின், எந்தப் பழைய பகுதிக்கு எந்தப் புதிய பகுதி ஈடாகும் என்பதை எழுத்தில் முன்னதாகவே அறிவிக்கவேண்டும். ஒரு முறை தவறி மீளத் தோற்றும் மாணவரைப் பலரும் மறந்துவிடுவர். அவர்கள் படித்த பாடம் ஒன்று, எழுதும் வினாத்தாள் வேறொன்று என்றாதல் நீதியன்று. விரிவுரையாளரும் புதிய பதிப்பைத் தாம் கற்றுத்தெளிய ஒரு பருவமேனும் வேண்டும். அதற்கு அவருக்கு ஓய்வு தராமல், "புதியதை நாளைக்கே கற்பியுங்கள்" என்றாற் பாவம், அவர் என் செய்வார்? மாணவனிலும் ஓர் அத்தியாயம் முந்தி ஓடிக்கொண்டிருப்பார்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. பட்டம் வேறு, சான்றிதழ் வேறு. பல்கலைக்கழகத்தில் அப்பாடத்திற் சித்தியடைந்தவுடன் கம்பனியின் சான்றிதழ் தானாக வந்துவிடாது. அப்பரீட்சைக்குக் கட்டணம் ஏறத்தாழ 300 அமெரிக்க டொலர். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் சில மாதங்களுள் 350ஐத் தாண்டியபொழுது, 60 ஆயிரம் ரூபாவாயிருந்த கட்டணம் ஓர் இலட்சத்துக்கு மேலாயிற்று. திட்டத்தில் நன்கு தேறிய மாணவருக்குக் கட்டணச் சலுகை கிடைப்பதுண்டு. அதனைத் துறையிலே விசாரித்தறிக. பரீட்சைத் திட்டம் மாறப்போகும் செய்தி ஏதும் உண்டா என்பதையும் பணங் கட்டுமுன் கேட்டுக்கொள்க. எந்த ஆண்டில் எழுதுவது என்பதிலும் அவசரம் ஆகாது. அச்சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதற்குள் புதுப்பித்துக்கொள்ளாவிடிற் காலாவதியாகும். நான்காண்டிலே முடியவேண்டிய படிப்பு 2020இன் பின் எவ்வளவு நீண்டது என்பதைப் பல குடும்பங்கள் அறியும். இரண்டாம் ஆண்டிற் பிள்ளை ஆசையோடு எழுதிப் பெற்ற சான்றிதழ், பட்டமளிப்பு விழாவுக்கு உடுப்பு வாங்குமுன்னரே காலங்கடந்து போயிருக்கும்.