பிசகின்றி இயங்கிய மென்பொருள்

346 உயிர்களைக் காவுகொண்ட போயிங் 737 மெக்ஸ் விபத்துகள் பற்றிப் பேசப்படும்போதெல்லாம், மென்பொருள் பழுதடைந்தது என்ற விளக்கமே பெரிதும் முன்வைக்கப்படுகின்றது. உண்மை அதனிலும் பாரதூரமானது. 2018 ஒக்டோபர் 29 ஆம் திகதி ஜாவா கடலில் வீழ்ந்த லயன் எயார் விமானத்திலும், 2019 மார்ச் 10 ஆம் திகதி அடிஸ் அபாபாவிலிருந்து புறப்பட்டு ஆறு நிமிடங்களில் நொறுங்கிய எதியோப்பிய விமானத்திலும், எம்காஸ் எனும் அம்மென்பொருள் தனக்கு விதிக்கப்பட்ட பணியையே செய்தது. பிழை, விதிக்கப்பட்ட அப்பணியிலேயே இருந்தது.

விமானத்தின் மூக்குப் பகுதி அளவுமீறி உயர்வதாகத் தகவல் கிடைத்தால், வால் சிறகைத் திருப்பி அதனைத் தாழ்த்துவதே எம்காஸின் கடமையாகும். விமானத்தில் கோணத்தை அளக்கும் உணரிகள் இரண்டு இருந்தும், ஒரு பறப்பில் ஒன்றின் சொல்லை மாத்திரமே அது நம்பியது. அந்த ஒன்று பொய்யுரைத்தால் என்ன நேரும்? 2015 இலேயே போயிங் பொறியியலாளர் ஒருவர் இதனை மின்னஞ்சலில் வினவியிருந்தமை 2019 இல் அமெரிக்க கொங்கிரஸ் விசாரணையில் வெளிவந்தது. கேட்டவர் இருந்தார்; கேள்விக்கான விடைதான் வடிவமைப்பில் இடம்பெறவில்லை.

ஆரம்பத்தில் ஒரு தடவையில் 0.6 பாகை மாத்திரமே சிறகைத் திருப்ப வல்லதாயிருந்த எம்காஸுக்குப் பின்னர் 2.5 பாகை வரை அதிகாரம் வழங்கப்பட்டது. அதிகாரம் பெருகியபோது ஆபத்து மதிப்பீடும் அடியிலிருந்து மீள எழுதப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. விமானி மூக்கை உயர்த்தினாலும் ஐந்து வினாடிகளில் எம்காஸ் மீண்டும் அதனைத் தாழ்த்தும் என்பதன் பாரதூரமும் உணரப்படவில்லை. சிறகு தானாகத் திரும்பினால் விமானிகள் சில வினாடிகளில் நிலைமையைச் சமாளிப்பர் என்று கருதப்பட்டது. ஆனால், உணரி பழுதடையும்போது கட்டுப்பாட்டுத் தண்டு அதிர்வதும், வேகமானியும் உயரமானியும் முரண்படுவதும் ஒருசேர நிகழும் என்பது அப்பரிசோதனைகளில் சேர்க்கப்படவில்லை என அமெரிக்க தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை சுட்டிக்காட்டியது. விமானிகளின் கைந்நூலில் எம்காஸ் பற்றிய விளக்கமே இருக்கவில்லை.

லயன் எயார் விமானம் முதல் நாள் பாலியிலிருந்து வந்தபோதும் இதே கோளாறு தோன்றியிருந்தது. விமானியறையில் மேலதிகமாக அமர்ந்திருந்த மூன்றாவது விமானியின் உதவியினாலேயே அன்று அது தப்பியது. மறுநாள் அந்த ஆசனத்தில் எவரும் இருக்கவில்லை.

இருபது மாதத் தடையின் பின்னர் 2020 நவம்பரில் மீண்டும் பறக்க அனுமதிக்கப்பட்டபோது செய்யப்பட்ட திருத்தங்கள் எளிமையானவை: இரு உணரிகளையும் ஒப்பிடுதல், ஒரு நிகழ்வில் ஒரு தடவை மாத்திரம் இயங்குதல், விமானியின் கைப்பலத்தை மீறாதிருத்தல். இவற்றை முதலிலேயே எழுதிவைக்கப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை.