மீட்டரைப் பார்ப்பது யார் வேலை?

மளிகைக் கடையில் மீதிச் சில்லறை ஐந்து ரூபாய் குறைந்தால், கடைக்காரரைக் கேட்காமல் யாரும் படி இறங்குவது இல்லை. பால் அளவு குறைந்தாலும் வீட்டுப் பெண்கள் சும்மா விடுவது இல்லை.

ஆனால், மின்சாரக் கட்டணம்?

வந்த தொகையை அப்படியே கட்டிவிடுகிறார்கள். எத்தனை யூனிட் என்று பார்ப்பவர்கள் குறைவு. இது சரி அல்ல.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு எடுப்பது நெடுநாள் வழக்கம். கணக்கு எடுப்பவர் வரும்போது கதவு பூட்டி இருந்தால், மீட்டரைப் பார்க்க முடியாது. முன்பு ஆன செலவை வைத்து ஒரு தொகை போடுவார்கள். இதுதான் சராசரிக் கணக்கு.

சராசரி என்பது உத்தேசம். அது உண்மைக் கணக்கு ஆகாது.

உத்தேசத் தொகை குறைவாக வந்தால் சிலர் மகிழ்ந்து போகிறார்கள். அது லாபம் அல்ல, கடன்! அடுத்த முறை மீட்டரைப் பார்த்ததும் பாக்கி எல்லாம் ஒன்றாக வந்து சேரும். சம்பளக் குடும்பம் என்ன செய்யும்? பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தில்தான் கை வைக்க வேண்டும்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கோ, எரியாத விளக்குக்கும் பணம் கேட்டு பில் வரக்கூடும்.

2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் இதை ஊரே பார்த்தது. வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுக்க முடியவில்லை. முந்திய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு மீட்டரைப் பார்த்தபோது, பல வீடுகளுக்குப் பெரிய தொகை வந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது.

2021-ம் ஆண்டு மே மாதம் மறுபடியும் ஊரடங்கு. அந்த முறை, மீட்டரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வழி செய்தார்கள். வீட்டுக்காரரே கணக்குப் பார்க்கலாம் என்பது அப்போது பலருக்குத் தெரிந்தது.

இது கடினமான வேலை அல்ல. டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம் என்று எண்கள் மாறி மாறி வரும். ஆங்கிலத்தில் 'கே.டபிள்யூ.எச்.' என்ற எழுத்துக்களோடு வரும் எண்தான் யூனிட்.

இன்று 4,560. இரண்டு மாதத்துக்கு முன் 4,320. கழித்தால் 240. அவ்வளவு யூனிட் செலவாகி இருக்கிறது!

மாதம்தோறும் முதல் தேதி அந்த எண்ணைக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும். பிள்ளைகளிடமே இந்த வேலையை விடலாம். கழித்தல் கணக்கும் பழகும்.

இன்னொரு நன்மையும் உண்டு. எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைப் பிடுங்கிய பிறகும் எண் ஏறுகிறதா? எங்கோ மின்கசிவு இருக்கலாம். அது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் ஆபத்து. உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மீட்டரைப் பார்த்துக் கணக்கு எடுப்பது மின்வாரியத்தின் கடமை. அதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் கணக்கு சரியா என்று பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை.

பில்லில் உள்ள எண் மீட்டரோடு ஒத்துப்போகவில்லையா? மீட்டரின் படத்தோடு, பிரிவு அலுவலகத்தில் உள்ள உதவிப் பொறியாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால், மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது.

கணக்கு வைத்திருப்பவரின் பேச்சு எங்கும் எடுபடும். கணக்கு இல்லாதவர் கோபப்படலாம். அதனால் பில் குறையாது!

இன்று ஞாயிற்றுக்கிழமை. மீட்டர் வாசலில்தான் இருக்கிறது. ஒரு நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே!